பூச்சியம் போடத் தெரியாதவள்

நாடாளுமன்றத்துக்கு அருகிலுள்ள பெத்தகான ஈரநிலத்தில் இரவு ஏழு மணிக்கு அனுமதி வாங்கிப் போய் நின்றால், முதலில் தெரிவது நுளம்புக் கடிதான். காது பழகிய பிறகே தவளைச் சத்தம் ஒவ்வொன்றாகப் பிரியும். கொழும்பில் களப் பயிற்சி வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நானாகவே கற்றுக்கொண்டேன். அடுத்த பாடத்தைக் குட்டு வாங்கித்தான் கற்றேன்.

குறித்த இடத்தில் பத்து நிமிடம் நின்று, கேட்கிற இனங்களைப் படிவத்தில் குறிக்க வேண்டும். ஒன்றும் கேட்காத இரவுகளில் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். இல்லாததை எதற்கு எழுதுவது? மூன்று மாதம் கழித்துப் பொறுப்பாளர் படிவங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "அன்றைக்குத் தவளை கத்தவில்லையா, நீங்கள் போகவில்லையா?" எனக்கே தெரியவில்லை. மழைக்குப் பயந்து வீட்டில் இருந்த நாட்களும் உண்டே! அத்தனை படிவமும் உதவாமல் பெட்டிக்குள் போனது. கேட்காத இரவுக்குப் பூச்சியம் போட்டிருக்க வேண்டும்.

அந்தப் பூச்சியத்தின் மதிப்பு புதர்த்தவளையை வைத்துத்தான் எனக்கு விளங்கியது. அதற்கு வாற்பேத்தைப் பருவமே வெளியில் கிடையாது. ஈர மண்ணில் இட்ட முட்டைக்குள்ளேயே வளர்ந்து, குட்டித் தவளையாக வெளியே வரும். குளம் வேண்டாம், ஆனால் மண் காய்ந்தால் முட்டையும் காய்ந்துவிடும். மழை பருவம் தப்பும் ஆண்டில் சத்தம் எந்த வாரம் ஓய்ந்தது என்று பார்க்க, ஓய்ந்த இரவுகளும் எழுத்தில் இருக்க வேண்டும்.

2010 நவம்பர் வெள்ளத்தில் நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. மழைநீரை வாங்கி வைத்துக்கொள்ளும் இந்தச் சேற்று நிலங்களின் அருமையை அப்போதுதான் பலர் பேசினார்கள். 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் அங்கீகாரம் பெற்ற ஈரநில நகரமானது. பெருமைதான். சரி, படிவத்தை யார் நிரப்புவது?

போன மாசியில் வவுனியாவிலிருந்து ஒரு மாணவி பயிற்சிக்கு வந்திருந்தாள். பத்து நிமிடம் முடிந்ததும் மெல்லக் கேட்டாள்: "ஒண்டும் கேக்கேல்லை மிஸ். வெறுமையா விடட்டோ?"

"பூச்சியம் போடும் பிள்ளை. நேரத்தையும் போடும்."

போட்டாள். 7.40, மழை இல்லை, 0. பிறகு டோர்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, குறிப்புக் கட்டத்தில் இன்னொரு வரியும் எழுதினாள்: "நுளம்பு, எண்ண முடியாது."