சில்லு விலகியதற்குச் சில்லு காரணமல்ல

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதங்கள் ஆனபோது, தேய்மானத்தால் வந்த பழைய வலி அடியோடு போயிருந்தது. ஆனால் அதுவரை நான் அறிந்திராத வேறொரு தொல்லை தொடங்கியிருந்தது. எழும்போதும் படியிறங்கும்போதும் முழங்கால் சில்லு வெளிப்பக்கமாக நழுவ, கால் திடீரென்று மடிந்துவிடும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சில்லின் மேல் உள்ளங்கையை வைத்தபடி காலை மெல்ல மடக்கினால், பாதி மடங்கும் முன்பே ‘டொக்’கென்று அது ஓரத்துக்குத் தாவுவது கைக்கே தெரியும், நீட்டும்போது அதே ஓசையுடன் திரும்பிவிடும்.

அறுவை செய்த மருத்துவர், தொடைத் தசையின் பலவீனம்தான் காரணம் என்றார். மூன்று மாதம் ஒருநாளும் தவறாமல் பிசியோதெரபி செய்தேன்; தசை வலுத்தது, நழுவல் நிற்கவில்லை. நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த எக்ஸ்ரேக்களில் குறையேதும் இல்லை என்றே சொல்லப்பட்டதால், இது என் மனப்பிரமைதானோ என்று நானே ஐயுறத் தொடங்கினேன்.

பிறகு நான் சென்ற மற்றொரு மருத்துவர், முதலில் இரத்தத்தையும் மூட்டிலிருந்து எடுத்த நீரையும் பரிசோதித்து, கிருமித்தொற்று இல்லை என்று உறுதிசெய்துகொண்டார். முழங்காலை மடக்க வைத்து, சில்லு தன் பள்ளத்தில் அமரும் விதம் தெரியுமாறு எடுத்த எக்ஸ்ரேயில் அது பாதி வெளியே சாய்ந்து கிடந்தது. காரணத்தைக் காட்டியது சி.டி. ஸ்கேன். தொடை எலும்பின் இருபுற முனைப்புகளை இணைக்கும் கோட்டை வைத்து அளந்தபோது, அதில் பொருத்திய உலோகப் பாகம் 6 டிகிரி உட்புறமாகத் திரும்பியிருந்தது; அதனால் சில்லு ஓடவேண்டிய பள்ளமே இடம் மாறியிருந்தது. கீழ்க்கால் எலும்பில் பதித்த பாகம் சரியாகவே இருந்தது.

வெளிப்புறத் திசுவைத் தளர்த்தி, உட்புறத்தை இறுக்கித் தைத்தால் போதாதா என்று கேட்டேன். சிறிய அறுவையோடு தப்பிவிடலாம் என்ற ஆசைதான். பாகங்கள் சரியான கோணத்தில் இருப்பவர்களுக்கு அது உதவும் என்றும், திரும்பிய பாகத்தை அப்படியே விட்டுவிட்டுத் தையலை மட்டும் நம்பினால் நாளடைவில் அது தளர்ந்துவிடக்கூடும் என்றும், வெளிப்புறத்தை அதிகமாக வெட்டினால் சில்லுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறையும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். அதற்குமேல் நான் வாதிடவில்லை.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்திருந்ததால், திரைக்கு அப்பால் பழைய பாகத்தைப் பெயர்க்கும் சுத்தியல் ஓசை முழுவதும் கேட்டது. வலி துளியும் இல்லை, மேசையின் அதிர்வு மட்டும் தோள்வரை வந்தது. புதிய பாகத்தைச் சரியான கோணத்தில் பொருத்தி, வெளிப்புறத்தைச் சிறிதளவு தளர்த்தி, உட்புறத்தை இறுக்கித் தைத்ததாகப் பின்னர் அறிந்தேன். தையல் போடுமுன் சில்லைக் கட்டைவிரலால் பிடிக்காமலேயே காலைப் பலமுறை மடக்கி, அது தானாகப் பள்ளத்தில் ஓடுகிறதா என்று பார்த்தார்களாம்.

உட்புறத் தையல் ஆறும்வரை, ஆறு வாரங்களுக்கு, பட்டை அணிந்தே நடக்க வேண்டும், 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்பது கட்டளை. முதல் அறுவையைவிட இந்த மீட்சி மெதுவானது. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் இரண்டாம் வாரத்தில் அவ்வளவு சோர்ந்திருக்க மாட்டேன். நான்காம் மாதத்தில் அதே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, உள்ளங்கையை வைத்துக் காலை மடக்கிப் பார்த்தேன். சில்லு ஓசையின்றி நேராக இறங்கியது. படியிறங்கும்போது மட்டும் இன்னும் கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறேன்.