தேரை நிலையிலிருந்து கிளப்பிய கதை

எங்கள் ஊர் மேலூருக்குக் கிழக்கே, பஸ் வந்து திரும்புகிற கடைசி ஊர். சிவன் கோயில் தேர் நான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோனது. சக்கரம் பிளந்து நின்றது என்பார்கள் சிலர், முதல் மரியாதைத் தகராறில் நின்றது என்பார்கள் சிலர். இரண்டும் நடந்திருக்கும். அதைத் திரும்ப ஓட வைக்க ஊர்ப் பையன்கள், மதுரையில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்கள், திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் எல்லாரும் சேர்ந்து இறங்கினோம். பக்கத்து ஊர்க்காரர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

முதலில் காகித வேலை. கோயில் அறநிலையத் துறையில் இருந்தால் ஊரே கூடித் தீர்மானம் போட்டாலும் ஒரு ஆணியை நாமாகப் பிடுங்க முடியாது. உபயதாரர் பணியாகச் செய்கிறோம் என்று செயல் அலுவலரிடம் மனு கொடுத்தோம். துறை ஸ்தபதி வந்து பார்த்தார், மதிப்பீடு தயாரானது, பழைய கோயில் என்பதால் வல்லுநர் குழுவுக்கும் போய் வந்தது. அலைச்சல்தான். ஆனாலும் குறை சொல்ல மனசு வரவில்லை. அனுமதி உடனே கிடைத்திருந்தால் எங்கள் ஆர்வத்திலேயே தேரை நாசம் செய்திருப்போம்.

ஒருவர் பளபளவென்று எனாமல் பெயின்ட் என் உபயம் என்றார். இன்னொருவர் காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றினால் பிசுக்கெல்லாம் ஒரே நாளில் போய்விடும் என்றார். பிசுக்கோடு மரத்தையும் அது அரித்துக் கறுக்க வைத்துவிடும். எனாமல் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் மரம் உளுத்துப்போகும். இதையெல்லாம் சொன்னவர் தேர் வேலை செய்யும் ஆசாரி ஒருவர். "தம்பி, நீங்க எதுவும் செய்யாம இருந்தாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார்.

எங்களுக்கு அவர் விட்டுக்கொடுத்தது சுத்தம் செய்யும் வேலை மட்டும். மூங்கில் சீவல், தேய்ந்த பல் பிரஷ், பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர், பழைய வேட்டித் துணி. தண்ணீரை ஊற்றவே கூடாது. துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றிவிட்டு உடனே காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு பொம்மை, அதாவது தேரில் செதுக்கிய சிற்பம். என் பங்குக்கு வந்தது முகமே தெரியாத ஒரு கறுப்புக் கட்டி. விளக்கெண்ணெயும் தூசியும் சேர்ந்து தார் மாதிரி இறுகியிருந்தது. விட்டு விட்டுச் சுரண்டியதில் முதலில் ஒரு தொப்பி தெரிந்தது. அப்புறம் பித்தான் வைத்த கோட்டு, தோளில் துப்பாக்கி, காலடியில் ஒரு நாய். ஒரு பக்கம் பிச்சையெடுக்கும் கோலத்தில் சிவனான பிட்சாடனர், மறுபக்கம் யாளி, நடுவில் இந்த வெள்ளைக்காரச் சிப்பாய்! செதுக்கியவர் தன் காலத்தில் பார்த்த ஆளையும் சாமிகளோடு நிறுத்திவிட்டார். பாண்டியன் காலத்துத் தேர் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம். எனக்கோ தேரிலேயே அவனைத்தான் ரொம்பப் பிடிக்கும். நாய்க்கு ஒரு காது இல்லை. புதுக் காது செய்து ஒட்டலாம் என்றார்கள், வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

பிரிப்பதற்கு முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் எழுதிய அட்டையை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். இதில் சோம்பல் படவே கூடாது. பழைய தேரில் இரும்பு ஆணி குறைவு. கழுந்தும் துளையும் மர முளையும்தான் ஒன்றையொன்று பிடித்து நிற்கின்றன. ஒன்றை இடம் மாற்றிச் சொருகினால் அடுத்தது உட்காராது. செயின் பிளாக் கட்டி இறக்கிப் பார்த்தபோது கரையான் அரிப்பு அடிப்பாரோடு, அதாவது தேரின் அடித்தட்டோடு, நின்றிருந்தது. மேலே இருந்த இலுப்பைச் சிற்பங்களில் பழுது குறைவு.

மாற்ற வேண்டிய சட்டங்களுக்கு இலுப்பை தேடியது தனிக் கதை. இப்போது இலுப்பைத் தோப்பு எங்கே இருக்கிறது? ஒரு மர வியாபாரி அனுப்பியதில் பாதி வெளிறு, வைரம் பாயாத மரம். ஆசாரி உளியால் ஒரு கீறு கீறிவிட்டு, "வைரமே இல்ல, திருப்பி அனுப்புங்க" என்றார். அடுத்து வந்தது நல்ல மரம்தான், ஆனால் பச்சை. வெயிலில் போட்டால் வெடிக்கும் என்பதால் நிழலில் அடுக்கிக் காயவிட்டதில் ஒரு கோடை போயிற்று.

சக்கரத்தில்தான் பெரிய சண்டை. திருச்சி பெல் நிறுவனம் எத்தனையோ கோயில் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து கொடுத்திருக்கிறது. பெரியவர்கள் மரச் சக்கரம்தான் என்று நின்றார்கள். உள்ளூர எனக்கும் அதே ஆசைதான். ஆனால் கூட்டத்துக்கு நடுவே ஓடுகிற தேரில், பாரம் தாங்கும் இடத்தில் பழமை பார்க்க முடியாது. இரும்பே வந்தது. பழைய சக்கரங்கள் கோயில் மண்டபத்தில் இருக்கின்றன.

2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி தேரின் உயரம்தான். கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். தேரோடும் தெருவில் ஒவ்வொரு கம்பியையும் மின்வாரிய ஆட்கள் அளந்து சொன்னார்கள். அதன்படி, தேர்ச்சீலை கட்டும் மூங்கில் கூண்டில் ஒரு அடுக்கைக் குறைத்தோம். பொதுப்பணித் துறையின் உறுதிச் சான்று, தீயணைப்பு, போலீஸ் என்று மற்றதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது.

வடம் யார் பிடிப்பது என்ற பேச்சை எல்லாரும் கடைசிவரை தள்ளிப் போடப் பார்த்தார்கள். எல்லாத் தெருக்காரர்களும் பிடிப்பது, முதல் மரியாதை யாருக்கும் கிடையாது என்று வட்டாட்சியர் முன்னால் கையெழுத்தான பிறகுதான் வடத்துக்கே பணம் கொடுத்தோம். இதை முடிக்காமல் மரத்தில் கை வைக்காதீர்கள் என்பேன்.

வெள்ளோட்டத்துக்குச் சாமிக்குப் பதில் மணல் மூட்டைகளை ஏற்றினோம். தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. வலது பக்கம் திரும்ப வலது சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டையைக் கொடுத்து அதைப் பிடித்து நிறுத்த வேண்டும், கொடுத்த வேகத்தில் கையை எடுத்துவிட வேண்டும். அந்தக் கைப்பழக்கம் எங்கள் ஊரில் அற்றுப்போயிருந்தது. வெளியூர் ஆட்களை வரவழைத்துத்தான் பையன்கள் கற்றுக்கொண்டார்கள். மேல மூலையில் ஒரு சக்கரம் மண்ணில் அழுந்தி நின்றுவிட்டது. தடி போட்டும் அசையாமல், ஜேசிபி வந்து பின்னால் தள்ளியது. "எங்க காலத்துல ஏதுடா ஜேசிபி?" என்றார் ஒரு தாத்தா. "உங்க காலத்துலதான தாத்தா நின்னுபோச்சு" என்றான் முட்டுக்கட்டைப் பையன்.

பணம் கொடுத்தவர்கள் எல்லாரும் தேரில் பெயர் பொறிக்கக் கேட்டார்கள். ஒருவர் பெயரும் போடவில்லை, அதில் சில மனஸ்தாபம். அடுத்து மழைக்கு முன் தகரக் கொட்டகை போட வேண்டும். அதில் எத்தனை பெயர் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறோம். ரோட்டைப் பார்த்த பக்கத்துக்கு அதற்குள் போட்டியாகிவிட்டது.