கரிநெருப்பு

கரி பற்றத் தொடங்கும்போது வருகிற அந்த முதல் புகை மணம் எனக்கு இன்றைக்கும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைதான். போன கோடையில் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பூங்காவில் சங்க ஒன்றுகூடல் நடந்தபோது, கோழி வாட்டுவதற்கு யாரோ கரி மூட்ட, கதைத்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டுத் தள்ளிப்போய் நின்றேன். என்ன நடந்தது என்று கேட்டவரிடம், கண்ணுக்குள் புகை போய்விட்டது என்றேன். அது உண்மையில்லை. உண்மையை இந்த மலரிலாவது எழுதிவிட வேண்டும்.

எங்கள் ஊர் தெல்லிப்பழை. 1990இல் சண்டை மறுபடி தொடங்கி ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, அப்பாவுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வட்டுக்கோட்டையில் தங்கள் வீட்டில் இரண்டு அறைகளை எங்களுக்கு ஒதுக்கித் தந்தது. அந்த வீட்டு மூத்த மகனும் நானும் ஒரே வயது. யாழ்ப்பாணக் கல்லூரியில் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. 1823இல் டானியல் பூவர் செமினறி தொடங்கிய இடம் அது என்பதெல்லாம் அப்போது எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மரநிழலும் பக்கத்துத் தேவாலயத்தின் தடித்த சுவர்களின் குளிர்ச்சியும்தான் பிடித்திருந்தன.

மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டுத் திரி கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் படித்தோம். பனங்காய்க் காலத்தில் பனங்களியால் உடுப்புத் தோய்ப்பார்கள். அந்த வாசத்துக்கு மாடு வந்து கொடியில் கிடக்கிற சேட்டைச் சப்பிவிடும் என்று யாராவது காவல் இருக்க வேண்டும். ஒரு வெள்ளைச் சேட்டு என்றால் அப்போது அது எவ்வளவு பெரிய பொருள் என்பதை அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

1992 தை மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம். அடுத்த நாள் ஆராதனையில் வேதம் வாசிக்க நண்பனின் பெயர் வந்திருந்தது. அவனுடைய சேட்டை நான் அயன் பண்ணி வைக்கிறேன் என்று நானாகத்தான் கேட்டு வாங்கினேன். சிரட்டைத் தணலை அயன் பெட்டிக்குள் போட்டு, முற்றத்தில் நின்று அங்குமிங்கும் வீசினேன், தணல் சிவந்து வந்தது. முதலில் வாழையிலையில் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் துணியில் வைக்க வேண்டும் என்று அன்ரி, நண்பனின் அம்மா, பலமுறை சொல்லியிருக்கிறா. அவசரத்தில் நான் அதைச் செய்யவில்லை. பக்கத்து ஓட்டையால் ஒரு தணல் துண்டு விழுந்து சேட்டின் முதுகில் பத்துச் சதக் காசு அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டது. சுற்றிவர மண்ணிறமாய் ஒரு வளையம். ஓட்டை உள்ளே போகிறமாதிரி மடித்து, அலுமாரியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

காலையில் அன்ரி என்னைக் கேட்டா. தெரியாது என்றேன். அப்பா கேட்டார், அவருக்கும் அதேதான். நண்பனின் தம்பிக்கு அப்போது ஏழு வயது, முதல் நாள் அயன் பெட்டிக்குக் கிட்ட தணலோடு விளையாடிக்கொண்டிருந்தவன். ஏச்சு எல்லாம் அவனுக்கு. அவன் அழ, நான் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அன்ரி அந்தச் சேட்டுப் பொக்கற்றைத் தையல் பிரித்து எடுத்து, அந்தத் துணியாலேயே முதுகை ஒட்டுப் போட்டுத் தந்தா. பொக்கற் இருந்த இடம் மற்றத் துணியைவிட வெள்ளையாய் ஒரு சதுரம். நண்பன் அதைப் போட்டுக்கொண்டுதான் போய் நின்று வாசித்தான். பின்னால் இருந்த எனக்கு அவன் வாசித்தது ஒன்றும் கேட்கவில்லை, ஒட்டுத்தான் தெரிந்தது.

அன்று இரவு அடுப்படியில் தணலுக்குள் பனங்கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தவன் என்னைக் கூப்பிட்டான். ஒன்றை முறித்து, தும்பை இழுத்துவிட்டு, பெரிய பாதியை என் கையில் வைத்தான். பிறகு சொன்னான்: “அடுத்தமுறை வாழையிலையில இழுத்துப் பாத்திட்டுப் பிடியடா.” அவ்வளவுதான். அப்போதுகூட நான்தான் என்று என் வாயால் வரவில்லை.

இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்த கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டுத்தான் வளர்ந்தோம், சேவல் கூவுவது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் அவர் எதன் பக்கத்தில் நின்று குளிர்காய்ந்தார் என்பதை நான் கவனித்தது இங்கே வந்து பல வருஷம் கழித்துத்தான். யோவான் சுவிசேஷம் 18ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பு. 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் மீன் சுட்டு வைத்துக் காத்திருக்கிறார், அங்கேயும் கரிநெருப்பு. மூலமான கிரேக்கத்தில் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில் மட்டும்தான் வருகிறதாம். அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. ஏன் மறுதலித்தாய் என்று அவர் கேட்கவேயில்லை. முதலில் சாப்பிடக் கூப்பிட்டார், அப்புறம்தான் என்னை நேசிக்கிறாயா என்ற கேள்வி. பிரசங்கங்களில் எத்தனையோ தடவை கேட்டும் பிடிபடாத கிருபை என்ற சொல், எனக்கு அந்த அடுப்படிச் சாம்பலோடு சேர்ந்துதான் விளங்கியது.

விளங்கியதால் நான் திருந்திவிட்டேன் என்று சொல்ல முடியாது. பூங்காவில் புகை என்று சொன்னதும் அதே நாக்குத்தான். ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களைக் கடத்துகிறேன்.

ஒன்றுகூடல் முடிந்து வீட்டுக்கு வந்த இரவு லண்டனில் இருக்கிற அந்தத் தம்பிக்குப் போன் எடுத்தேன். இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள். முழுவதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “அண்ணா, நான்தான் சுட்டனான் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்” என்றான்.

எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. அவன்தான் கேட்டான், அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று. இன்னும் இல்லை. அன்ரி அதே வீட்டில்தான் இருக்கிறா. அதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. வாற தை மாதம் ஊருக்குப் போகிறேன், பனங்கிழங்குக் காலம்.