பிளக்குக்குள்ள எரிஞ்ச 65 வாட்ஸ்

போன கிழமை திருகோணமலை உப்புவெளியில மாமி வீட்ட போயிருந்தன். தேத்தண்ணிக்கு கேத்தல போட்டிட்டு வந்த மாமி, "மகன், குசினிக்க என்னமோ கருகிற மணம் வருது, கேத்தல் பழுதாப் போச்சோ?" எண்டு கேட்டா. கேத்தல் ஒழுங்காத்தான் கொதிக்குது. எக்ஸ்டென்ஷன் கோட்டிட பிளக் டொப்பில கைய வச்சன், ரெண்டு செக்கன் வச்சிருக்க ஏலாது, அவ்வளவு சூடு.

நான் வயரிங் வேலை செய்யிறவன், மீற்றர் எப்பவும் பைக்குள்ள கிடக்கும். கழட்ட முதல் ஒரு நிமிசம் அளந்து பாத்தன். சுவரில டபுள் சொக்கெட், அதிண்ட மற்ற ஓட்டையில 224 வோல்ட் இருக்கு. கோட்டிட மற்ற நுனியில, கேத்தலுக்குப் பக்கத்து ஓட்டையில 214. கரண்ட் 8.1 அம்பியர். (கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீற்றர முழு வயரச் சுத்திப் போட்டா பூச்சியம்தான் காட்டும், போற கரண்டும் வாற கரண்டும் ஒண்டை ஒண்டு வெட்டிப் போடும். அதுக்காகவே மேல்தோல் உரிச்ச சின்ன வயர் துண்டு ஒண்டு செய்து வச்சிருக்கிறன், உள்ளுக்க இருக்கிற ஒரு வயர மட்டும் பிடிக்கிறதுக்கு. இத வீட்டில நீங்க செய்து பாக்காதீங்க, தெரிஞ்ச ஆள வச்சு செய்யுங்க.)

இப்ப கணக்குக்கு வருவம். 1827ல ஜோர்ஜ் ஓம் எண்ட ஜேர்மன்காரர் எழுதி வச்சதுதான், வோல்ட்ட அம்பியரால பிரிச்சா தடை வரும். 214 ÷ 8.1 = 26.4 ஓம், இது கேத்தலிட தடை. வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கினா வாட்ஸ், 214 × 8.1 = 1733. கேத்தலுக்கு அடியில 230 வோல்ட்டுக்கு 2000 வாட்ஸ் எண்டு போட்டிருக்கு, 230ஐ 230ஆல பெருக்கி 2000ஆல பிரிச்சுப் பாருங்க, அதுவும் கிட்டத்தட்ட 26.4 ஓம்தான். அப்ப கேத்தலில ஒரு பிழையும் இல்ல.

பிழை அந்த 10 வோல்ட்டிலதான் இருக்கு. 224 போய் 214 வருதெண்டா இடையில எங்கயோ 10 வோல்ட் நிண்டிட்டுது. 10 ÷ 8.1, ஏறத்தாழ 1.23 ஓம். கோட் 5 மீற்றர், 0.75 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், போகவும் வரவும் 10 மீற்றர், அதிண்ட தடை 0.23 ஓம் அளவில வரும். மிச்சம் 1 ஓம் முழுக்க பிளக்கிலதான். ஒரு ஓம்தானே எண்டு விடேலாது, ஏனெண்டா சூடு கரண்ட்டிட வர்க்கத்தோட கூடும், இத 1841ல ஜூல் எண்ட இங்கிலாந்து விஞ்ஞானி காட்டினவர். 8.1 × 8.1 × 1 = 65 வாட்ஸ். ஒரு 60 வாட்ஸ் குண்டு பல்ப் பிளக் டொப்புக்குள்ள எரியுது எண்டு நினைச்சுப் பாருங்க, காத்து போக வழியில்லாம.

எனக்கு உண்மையில பயம் வந்தது அடுத்த விசயத்திலதான். மாமி கேட்டா, "அப்பிடியெண்டா ஏன் மகன் ட்ரிப் ஆகேல்ல?" ட்ரிப் ஆகாது மாமி. பிளக் பழுதானா தடை கூடுது, தடை கூடினா கரண்ட் குறையுது. பியூஸும் பிரேக்கரும் கரண்ட் கூடினாத்தான் முழிக்கும். மற்ற ட்ரிப் சுவிட்ச் கரண்ட் வெளிய கசியுதோ எண்டு மட்டும் பாக்கும், இங்க கசிவே இல்ல. பிளக் உருகி சுவரில நெருப்புப் பிடிக்கும் வரைக்கும் இதுகள் "எல்லாம் சரி" எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கும். கேத்தலும் காட்டிக் குடுக்காது, ஒண்டரை லீற்றர் தண்ணி கொதிக்க 20 செக்கன் போலதான் கூட எடுக்கும், அத ஆர் கவனிக்கிறது. மூக்கும் கையும்தான் கண்டுபிடிக்கும்.

மெயின நிப்பாட்டி கழட்டினன். கரண்ட் வாற லைவ் பின்னுக்குப் பக்கத்தில பிளாஸ்டிக் மண்ணிறமாகி பொங்கிக் கிடக்கு, பித்தளையில பச்சையா களிம்பு, வயர இறுக்கிற ஸ்குரூ அரைச் சுத்து லூஸ். கடல் கூப்பிடு தூரத்தில, உப்புக் காத்து யன்னலால நேர குசினிக்கதான் வருது. உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு எண்டு கடற்கரைப் பக்கம் நான் வேலை செய்த வீடுகளில இத எத்தின தரம் கண்டிட்டன், கடலுக்குத் தூரமான பக்கம் இவ்வளவு இல்ல. பிளக்க மட்டும் மாத்தினா காணாது, சூடு பட்ட சொக்கெட்டிட பிடியும் தளந்திடும், அதால சொக்கெட்டையும் சேத்து மாத்தினன்.

மாத்திப்போட்டு திரும்ப அளந்தன். கேத்தல் பக்கம் 222 வோல்ட், 8.4 அம்பியர். பிரிச்சா அதே 26.4, பெருக்கினா 1865 வாட்ஸ். பிளக் டொப் கையில சும்மா குளிரா இருக்கு.

ஒண்டு சொல்ல மறந்திட்டன், இந்தப் பெருக்கல் கேத்தல், ஐயன் பொக்ஸ் மாதிரி சூடாக்கிற சாமானுக்குத்தான் நேரா சரிவரும். ஃபேன், தண்ணி மோட்டர் எண்டா வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கி வாறத விட உண்மையான வாட்ஸ் குறைவா இருக்கும், அத இன்னொரு நாளைக்கு எழுதுறன். குண்டு பல்ப்ப கழட்டி மீற்றரில தடை பாத்தும் ஏமாறாதீங்க, குளிரா இருக்கேக்க எரியிற நேரத்துத் தடையில பத்தில ஒரு பங்கும் வராது.

நான் வெளிக்கிடேக்க மாமி ஐயன் பொக்ஸ எடுத்துக்கொண்டு வந்து, "இதையும் ஒருக்கா பாத்திட்டுப் போ" எண்டா. அதிண்ட பிளக் பின்னிலயும் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது.