சட்டத்துக்குள் எத்தனை செடி?

ஒரு புல்வெளியில் செடிகளின் அடர்த்தியை அளந்து முடித்திருக்கிறேன். எண்ணுவதற்கு ஆன நேரத்தைவிட, எங்கே எண்ணுவது, எதை ஒரு செடி என்று கொள்வது என்று முடிவு செய்யத்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது.

கருவி எளிது. நான்கு பிவிசி குழாய்களை இணைத்து, உட்புறம் சரியாக 1 மீட்டர் வரும்படி ஒரு சதுரச் சட்டம். இதைத்தான் குவாட்ரட் என்கிறோம். சிறு செடிகளுக்கு இந்த அளவு போதும். புதர்களுக்கு 5 மீட்டர், மரங்களுக்கு 10 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தைக் கயிறு கட்டி எடுப்பது வழக்கம்.

இடத்தைக் கண்ணால் தேர்ந்தெடுக்கக் கூடாது. பூத்திருக்கும் பக்கமே கால் போகும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா புல்வெளிகளில் தாவரவியலாளர்கள் ராஸ்கோ பவுண்டும் ஃபிரடெரிக் கிளெமென்ட்ஸும் 1898-இல் குவாட்ரட் முறையைக் கொண்டுவந்ததே, பார்வை மதிப்பீட்டை நம்ப முடியாது என்று கண்டதால்தான். (பவுண்ட் பின்னாளில் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் தலைவரானவர்.) அதனால் இரண்டு ஓரங்களில் அளவு நாடாவை விரித்து, கைபேசியில் சமவாய்ப்பு எண்களை இரண்டிரண்டாக எடுத்து, அவை சந்திக்கும் இடத்தில் சட்டத்தின் ஒரு மூலையை வைத்தேன். வெறுந்தரையில் விழுந்தாலும் நகர்த்தவில்லை. பூஜ்யம் என்று எழுதிக்கொண்டேன். அந்தப் பூஜ்யத்தை விட்டுவிட்டால் அடர்த்தி பொய்யாக ஏறிவிடும்.

அப்புறம் எண்ணிக்கை. வேர் உள்ளே இருந்தால்தான் கணக்கு. கிளை மட்டும் எட்டிப் பார்த்தால் சேராது. தொட்டாற்சிணுங்கியில் இது சிக்கலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், ஆனால் தொட்டதும் இலைகள் மடங்கிக்கொள்வதால் முள் தண்டு தரையில் எங்கே இறங்குகிறது என்பது பளிச்சென்று தெரிந்தது. சட்டத்தின் மேலேயே நிற்கும் செடிகளுக்கு ஒரு விதி: மேல் பக்கமும் இடப் பக்கமும் சேர்த்தி, மற்ற இரண்டும் விலக்கு. எல்லாச் சட்டத்துக்கும் அதே விதிதான்.

அருகம்புல்லை எண்ணவே முடியாது. கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும் புல்லில் ஒன்று எங்கே முடிகிறது? அதற்கு மட்டும் 10 செ.மீ. இடைவெளியில் நூல் கட்டிச் சட்டத்தை 100 கட்டமாக்கி, எத்தனை கட்டத்தை மூடியிருக்கிறது என்று சதவீதமாகக் குறித்தேன்.

20 சட்டங்களில் தொட்டாற்சிணுங்கி 60, வெட்டுக்காயப் பூண்டு 58. மொத்த எண்ணிக்கையைச் சட்டங்களின் மொத்தப் பரப்பால் வகுத்தால் அடர்த்தி: சதுர மீட்டருக்கு 3, 2.9. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முதலாவது 6 சட்டங்களில் மட்டுமே இருந்தது, இரண்டாவது 18-இல். அதாவது நிகழ்வெண் (மொத்தச் சட்டங்களில் அந்தச் செடி இருந்தவற்றின் பங்கு) 30 சதவீதம், 90 சதவீதம். ஒன்று கூட்டமாக ஒதுங்கி வளர்கிறது, மற்றது எங்கும் பரவியிருக்கிறது. அடர்த்தியை மட்டும் எழுதியிருந்தால் இந்த வேறுபாடு காணாமலே போயிருக்கும். என்னைக் கேட்டால் நிகழ்வெண் இல்லாத அடர்த்தி அரைத் தகவல்தான்.

எத்தனை சட்டம் போதும் என்பதையும் செடிதான் சொல்கிறது. ஒவ்வொரு சட்டத்துக்குப் பிறகும் அதுவரையான சராசரியைப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். வெட்டுக்காயப் பூண்டின் சராசரி சீக்கிரமே அடங்கிவிட்டது. தொட்டாற்சிணுங்கியின் சராசரி கடைசிவரை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அதற்காக மட்டும் இன்னும் சில சட்டங்கள் வைக்கப் போகிறேன்.