குரோம் பூச்சுக்கு அடியில் பிறக்கும் விரிசல்

சென்ற மாதம் எங்கள் பட்டறைக்கு உடைந்து வந்த ஹைட்ராலிக் பிஸ்டன் ராடின் (எண்ணெய் அழுத்தத்தால் நகரும் எஃகுத் தண்டின்) முறிவு முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். அலை வடிந்த மணலில் தெரியும் கோடுகளைப் போன்ற வளைவுகள் ஒரே புள்ளியிலிருந்து விரிந்து சென்றிருந்தன. வெளியே பளபளப்புக் குன்றாமல் இருந்த ஹார்ட் குரோம் (கடினமான குரோமிய மின்முலாம்) பூச்சின் அடிப்பக்கத்தில்தான், விரிசல் தொடங்கிய அந்தப் புள்ளி இருந்தது.

தேய்மானத்தைத் தடுப்பதில் ஹார்ட் குரோம் சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குரோமியம் மின்முலாமாகப் படியும்போதே அதற்குள் இழுவிசைத் தகைவு, அதாவது பிரித்திழுக்கும் உள்விசை, சேர்ந்துகொண்டே போகிறது. அதைத் தாங்க முடியாமல் படிவு, கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களாகத் தானே பிளந்துகொள்கிறது. குறைந்த சுமை பல லட்சம் முறை ஏறி இறங்கும் உறுப்புகளில் ஆயுளின் பெரும்பகுதி முதல் விரிசல் தோன்றுவதற்கே கழிகிறது என்பதால், தோன்றி முடிந்த விரிசல்களுடனேயே வேலைக்கு வரும் பூச்சு அந்தக் காலத்தைப் பெரிதும் குறைத்துவிடுகிறது. எஃகின் வலிமை கூடக்கூட இந்த இழப்பும் பொதுவாகக் கூடுகிறது. அலுமினியத்தின் மேல் அனோடைசிங்கில் (மின்சாரத்தால் மேற்பரப்பை ஆக்சைடாக்கும் முறையில்) உருவாகும் ஆக்சைடு படலமும், கடினமாகவும் எளிதில் நொறுங்கக்கூடியதாகவும் இருப்பதால், இதே தீங்கைச் செய்யும்.

முலாம் தொட்டியில் எஃகுக்குள் புகுந்து, அதை எளிதில் நொறுங்கச் செய்யும் ஹைட்ரஜன் தனிச் சிக்கல். அதற்காகத்தான் வலிமை மிகுந்த எஃகை, முலாம் முடிந்த 4 மணி நேரத்துக்குள் சுமார் 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்துப் பல மணி நேரம் சூடாக்குகிறார்கள். இந்தச் சூடு ஹைட்ரஜனை வெளியேற்றுமே தவிர, நுண்விரிசல்களை மூடாது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்பவர்களைப் பலமுறை சந்தித்திருக்கிறேன்.

விரிசலைத் தடுக்கும் வழி, முலாமுக்கு முன்பே செய்யப்படும் ஷாட் பீனிங். சிறு எஃகுக் குண்டுகள் வேகமாக மோதி, எஃகின் மேல்தோலில் அமுக்கத் தகைவை, அதாவது நெருக்கி அழுத்தும் உள்விசையை, உண்டாக்குகின்றன. பூச்சிலிருந்து இறங்கும் விரிசல் அந்த அடுக்கில் தடுமாறி நிற்கிறது. விமானங்களின் தரையிறங்கு கால்களில் ஹார்ட் குரோமுக்கு மாற்றாக வந்துள்ள, அதிவேகச் சுடரால் தெளிக்கப்படும் டங்ஸ்டன் கார்பைடு பூச்சு, துகள்கள் மோதும் வேகத்தாலேயே அமுக்கத் தகைவைப் பெறக்கூடியது என்பதால், அதைப் பெரிய முன்னேற்றமாகவே நான் கருதுகிறேன்.

உடைந்த ராடின் மற்றொரு துண்டைக் காரக் கரைசலில் வைத்து, மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டுக் குரோமைக் கரைத்தெடுத்தோம். அடியில் கிரைண்டிங் கோடுகள் இருந்தன. குண்டுகள் பட்ட குழிகளில் ஒன்றுகூட இல்லை. மாற்று ராடுக்கான வரைபடத்தில், குரோமுக்கு முன் ஷாட் பீனிங் என்ற வரியை அன்று மாலையே சேர்த்தேன்.