ஹோண்டா என்எஸ்ஆர்250ஆர் வண்டிக்கு அமெரிக்கப் பதிவு எண் வாங்கிய கதை

ஹோண்டா நிறுவனம் ஜப்பானியச் சந்தைக்காகச் செய்த என்எஸ்ஆர்250ஆர் என்ற 249 சிசி டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளை அமெரிக்காவில் ஒருபோதும் விற்றதில்லை. தயாராகி 25 ஆண்டுகள் நிறைந்த வண்டிக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் தர விதி பொருந்தாது என்பதும், 21 ஆண்டுகள் கடந்து எஞ்சின் மாற்றப்படாமல் இருந்தால் மாசு விதியிலும் விலக்கு உண்டு என்பதும் இதில் நாட்டமுள்ளவர்கள் அறிந்ததே. அந்த வழியில்தான் 1990ஆம் ஆண்டின் எம்சி21 (அந்தத் தலைமுறை என்எஸ்ஆர்250ஆரின் மாடல் குறியீடு) ஒன்றை ஜப்பானிலிருந்து வரவழைத்தேன். ஏலம், கப்பல், பாதுகாப்பு, மாசு விதிகளுக்கான எச்எஸ்-7 மற்றும் 3520-1 இறக்குமதிப் படிவங்கள், துறைமுகம் எல்லாம் குறையின்றி முடிந்தன.

வினை மாநில வாகனப் பதிவு அலுவலகக் கவுண்டரில் காத்திருந்தது. 1981க்குப் பிந்தைய வண்டி என்றால் 17 இலக்க அடையாள எண் இருந்தே தீர வேண்டும் என்றார் அங்கிருந்த பெண்மணி. ஜப்பானிய உள்நாட்டு வண்டிகளில் மாடல் குறியீடும் ஒரு வரிசை எண்ணும் சேர்ந்த குறுகிய சேசிஸ் எண் மட்டுமே உண்டு என்று விளக்கியும் பயனில்லை. முன்னால் சுழியங்களைச் சேர்த்து 17 ஆக்கிவிடலாமே என்று அவரே ஒரு யோசனையும் சொன்னார்! இதற்கு யாரும் சம்மதித்துவிடாதீர்கள். சுங்கத் தாளிலும் காப்பீட்டிலும் உள்ள எண்ணோடு அது என்றைக்கும் பொருந்தாது.

அடுத்த தடை, 7501 என்ற சுங்க நுழைவுப் படிவம். இப்போது எல்லாம் கணினி வழியே நடப்பதால் சுங்க முகவர் அனுப்பிய பிரதியில் முத்திரை இல்லை. முத்திரை இல்லாத தாளைத் தொடவே மாட்டோம் என்றார்கள். அந்த ஒரு முத்திரைக்காக மீண்டும் துறைமுகம் வரை போய் வந்தேன். வண்டியை எடுக்கும் நாளிலேயே முத்திரையிட்ட பிரதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஜப்பானில் 250 சிசி வரையிலான வண்டிகளுக்குக் கட்டாய வாகனச் சோதனை கிடையாது. ஆகவே பெரிய வண்டிகளுக்குரிய ஏற்றுமதிச் சான்றும் கிடைக்காது, பதிவை ஒப்படைத்ததற்கான சான்று மட்டுமே வரும். டைட்டில், அதாவது வண்டியின் உரிமைச் சான்று, எங்கே என்று கேட்பவரிடம் இந்தச் சான்றையும், அதன் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பையும், சேசிஸ் எண்ணைக் காவலர் நேரில் சரிபார்த்துத் தந்த தாளையும் சேர்த்து நீட்டுங்கள். அப்போதும் மறுத்தால் மேற்பார்வையாளரை அழைக்கச் சொல்லுங்கள். என் விஷயத்தில் அவர் வந்து, 17 இலக்கக் கட்டுப்பாட்டை நீக்கும் கணினித் திரையைத் திறந்து, சேசிஸில் உள்ளபடியே எண்ணை உள்ளிட்டார். அப்படி ஒரு திரை இருப்பதே அந்தப் பெண்மணிக்குத் தெரிந்திருக்கவில்லை.

கலிபோர்னியாவில் இருப்பவர்கள் மட்டும் ஏலத்தில் கை தூக்குமுன் மாநிலத்தின் தனி மாசு விதிகளைப் பார்த்துவிடுங்கள். நடுவண் அரசு தரும் வயது விலக்கு அங்கே பதிவுக்குப் போதாது.